எய்ட்ஸ் படத்துல ஹீரோ ஏன் எப்பவும் சாகுறான்?

போன மாசம் ஒரு ஞாயித்துக்கெழம மத்தியானம், தாராவி ரூம்ல நானும் என் கூட்டாளி ஒருத்தனும் உக்காந்து 'மிருகம்' பார்த்துக்கிட்டு இருந்தோம். 2007-ல சாமி டைரக்ட் பண்ணின படம், ஆதி ஹீரோ, பத்மப்ரியா அவனுக்கு வாக்கப்பட்டு வர்ற பொண்ணு. படம் வந்த புதுசுல இங்க பாதிப் பேரு வாடகை சிடில தான் பார்த்தோம், இப்ப போன்லயே கெடைக்குது. கடைசில ஆதிக்கு எய்ட்ஸ் வந்து எலும்பும் தோலுமா கெடப்பான், ஊரே ஒதுங்கிப் போயிடும், அவன் கையால அத்தன அடி வாங்கின பொண்டாட்டி மட்டும் பக்கத்துல இருந்து பாத்துக்குவா. அந்த எடம் வந்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு, ஏன்னா பக்கத்துல உக்காந்திருந்தவனுக்கு எச்ஐவி இருக்கு, பன்னெண்டு வருஷமா இருக்கு. ரிமோட்ட எடுக்கலாமா வேண்டாமான்னு நான் தடுமாறிக்கிட்டு இருக்கேன், அவன் என்னடான்னா வேர்க்கடல தோல ஊதித் தள்ளிக்கிட்டே "இவனுக்கு சிடி ஃபோர் எவ்வளவுடா இருக்கும், ஒரு இருபது இருக்குமா?"ன்னு கேக்குறான்.

சிடி ஃபோர்னா ரத்தத்துல இருக்குற ஒரு வகை வெள்ளணு. நல்லா இருக்குற ஆளுக்கு பொதுவா 500-க்கு மேல இருக்கும், எச்ஐவி கிருமி அதத்தான் உக்காந்து தின்னும். 200-க்குக் கீழ எறங்கிட்டாலோ, இல்ல டிபி மாதிரி சில நோய் வந்து ஒட்டிக்கிட்டாலோ அப்பதான் அதுக்குப் பேரு எய்ட்ஸ். அதாவது எச்ஐவிங்கறது கிருமி, எய்ட்ஸ்ங்கறது அந்தக் கிருமிய வருஷக்கணக்குல கவனிக்காம விட்டா வர்ற கட்டம். நம்ம சினிமாவுக்கு இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குற தூரம் தெரியாது. ரிப்போர்ட் கைக்கு வரும், மழை பெய்யும், அடுத்த சீன்ல ஆளு கட்டில்ல கெடப்பான். என் கூட்டாளியோட கணக்கு போன தடவ 640. எனக்கு எவ்வளவுன்னு எனக்கே தெரியாது, நான் எடுத்துப் பார்த்ததில்ல.

இத எழுதலாமான்னு அவன்கிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன். பேரு போடாத, நான் இருக்குற ஏரியாவயும் மாத்திடு, மத்தபடி என்ன வேணா எழுதிக்கோன்னுட்டான். படம் முடிஞ்சு கட்டிங் சாய் குடிக்கப் போனப்ப அவன் சொன்ன ஒரு வார்த்தைதான் இவ்வளவு தூரம் எழுத வச்சுது. "என்ன வச்சு ஒரு படம் எடுக்க முடியாதுடா, எனக்குத்தான் ஒண்ணுமே ஆகலயே"ன்னான்.

யோசிச்சுப் பார்த்தா நெசம்தான். எச்ஐவி வச்சு எடுத்த படத்துல எல்லாம் காதல நிரூபிக்கிற எடம் ஒண்ணே ஒண்ணுதான், அது சாவுப் படுக்க. ஆளு சாகுறான், கூட இருக்குறவ கைய விடல, அது காதல். சாகாம இருந்தான்னா அங்க காதல எப்படிக் காட்டுறதுன்னு டைரக்டருக்கு வழி தெரியல. இது ஏன் இப்படி ஆச்சுன்னு கொஞ்சம் பின்னாடி போய்ப் பார்க்கணும்.

நம்மாளுங்களுக்கு இந்தக் கதையோட அச்சு எய்ட்ஸுக்கு ரொம்ப முன்னாடியே வார்த்து வச்சாச்சு. 1954, 'ரத்தக்கண்ணீர்', கிருஷ்ணன்-பஞ்சு டைரக்ஷன், எம்.ஆர்.ராதா. சீமைல படிச்சுட்டு வந்த மோகன் தாலி கட்டின சந்திராவ விட்டுட்டு காந்தா வீடே கதின்னு கெடப்பான், சொத்து போகும், அம்மா போவா, கடைசில தொழுநோய் வந்து தெருவுக்கு வந்துடுவான். தன் பொண்டாட்டிய நண்பன் பாலுவுக்குக் கட்டி வச்சுட்டு, தன்ன மாதிரியே ஒரு செல செஞ்சு வைங்கடா, நாலு பேரு பார்த்துத் திருந்தட்டும்பான். ராதாவோட நடிப்புக்கும் நக்கலுக்கும் முன்னாடி நான் கையெடுத்துக் கும்பிடுவேன், அது வேற. ஆனா மருத்துவமா பார்த்தா தொழுநோய்க்கும் காந்தா வீட்டுக்குப் போறதுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது, அது ரொம்ப நாள் கூடவே இருக்குறவங்களோட மூச்சுக்காத்து வழியா மெதுவாப் பரவுற பாக்டீரியா. படத்துக்கு அதெல்லாம் தேவைப்படல. தப்பு பண்ணினான், ஒடம்பு அழுகுச்சு, அவ்வளவுதான் கணக்கு. நோய்ங்கறது அங்க நோய் இல்ல, கோர்ட்டு தீர்ப்பு.

முப்பது வருஷம் கழிச்சு எய்ட்ஸ்னு ஒண்ணு வந்தப்ப அந்த அச்சுல அது அப்படியே பொருந்திப் போச்சு. இன்னும் சொல்லப்போனா தொழுநோயவிட நல்லாப் பொருந்துச்சு, ஏன்னா இது நெசமாவே உடலுறவு வழியாவும் வரும். 'மிருகம்' அதே எலும்புக்கூடுதான், பொலிகாளை வச்சுக்கிட்டுத் திரியிற முரடன், அடங்காதவன், பொம்பள சகவாசம், அப்புறம் தண்டன, அப்புறம் மன்னிக்கிற பொண்டாட்டி. பத்மப்ரியா நடிப்பு பிரமாதம், அதுல ரெண்டாவது பேச்சே இல்ல. ஆனா ஒரு கேள்வி எனக்கு ஓடிக்கிட்டே இருந்துச்சு, அவளுக்கு என்ன ஆச்சு? அவ ரத்தத்த யாரு எடுத்துப் பார்த்தாங்க? அவ சேவை செய்யறத கேமரா அவ்வளவு நேரம் பார்க்குது, அவள ஒரு டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்னு கதைக்குத் தோணவே இல்ல.

நெசத்துல அந்தப் பொண்டாட்டிமாருங்க எழுந்து உக்காந்துட்டாங்க. 1998-லயே சென்னைல பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்னு ஒரு அமைப்ப ஆரம்பிச்சாங்க, நாமக்கல் பக்கத்துல இருந்து வந்த கௌசல்யா பெரியசாமி அத முன்ன நின்னு நடத்தினவங்க. கல்யாணத்து மூலமா தொற்று வந்த பொண்ணுங்க, புருஷன் வீட்டுல சொத்து கேட்டு, ஆஸ்பத்திரில மருந்து கேட்டு, கவர்மெண்ட்டுகிட்ட சட்டம் கேட்டு நின்னாங்க. படம் வந்தது அதுக்கு ஒம்பது வருஷம் கழிச்சு. அதுலயும் அவ அழுதுக்கிட்டுதான் இருக்கா.

சரி, தமிழ்நாட்டுக்கு இந்த நோய் புதுசும் இல்ல. இந்தியாவுல மொத மொத எச்ஐவி கண்டுபுடிச்சதே சென்னைலதான், 1986. டாக்டர் சுனிதி சாலமன், அவங்ககிட்ட படிச்ச நிர்மலா, ரெண்டு பேரும். பாலியல் தொழில் செய்யற பொண்ணுங்ககிட்ட இருந்து எடுத்த ரத்தத்த நிர்மலா வீட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சிருந்து, டெஸ்ட் பண்ற வசதி சென்னைல இல்லாததால ராத்திரி ரயில்ல வேலூருக்கு எடுத்துட்டுப் போனாங்க. ஒரு பொண்ணு மடில ஐஸ் டப்பாவோட ரயில்ல உக்காந்திருக்கு, அந்த டப்பாவுக்குள்ள ஒரு நாட்டோட அடுத்த முப்பது வருஷம் இருக்கு. இத மட்டும் வச்சே ஒரு நல்ல படம் எடுக்கலாம், நம்மாளுங்க எடுக்குறது என்னமோ ஐட்டம் சாங்குக்கு அப்புறம் ரத்தம் கக்குற படம்.

அப்புறம் 2000-ங்களோட ஆரம்பத்துல ஊர்ப்பக்கம் போனவங்களுக்கு ஞாபகம் இருக்கும், செவுரு, போர்டு, பஸ்ஸு எல்லாம் ஒரே கேள்வி, புலிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா? யாரு இந்தப் புலிராஜான்னு டீக்கடைல எல்லாம் சண்டையே நடந்துச்சு. விளம்பரமா பார்த்தா செம ஹிட்டு, எய்ட்ஸ்ங்கற வார்த்தைய வாய்விட்டுச் சொல்ல வச்சதே அதுதான். கூடவே ஒண்ணும் ஆயிப்போச்சு, யாருக்காவது மெலிஞ்ச ஒடம்பா இருந்தா புலிராஜான்னு கிண்டல் பண்ண ஒரு பேரும் கெடச்சுடுச்சு. இங்க லேபர் கேம்ப் பக்கம் டிபி வந்து மெலிஞ்ச ஒருத்தர அப்படியே கூப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க, நானும் சின்னப் பையனா கூடச் சேர்ந்து கூப்பிட்டிருக்கேன்.

வெளிநாட்டுக்காரங்க ஒழுங்கா எடுத்தாங்களான்னா, அதுவும் பாதிப் பாதிதான். 1993-ல ஜோனதன் டெம்மி எடுத்த 'ஃபிலடெல்ஃபியா', டாம் ஹாங்க்ஸுக்கு ஆஸ்கர் வாங்கிக் குடுத்த படம். எய்ட்ஸ் வந்த வக்கீல வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க, அவன் கேஸ் போடுவான், அவனுக்காக வாதாடுற வக்கீலுக்கே அவனுக்குக் கை குடுக்கப் பயம். கோர்ட்டுல சட்டையக் கழட்டி நெஞ்சுல இருக்குற கறுப்புத் திட்டுங்களக் காட்டுவான் பாருங்க, அந்த சீன் இன்னிக்கும் தாங்க முடியாது. ஆனா அதுல அவனுக்கு ஒரு துணை இருக்கான், அன்டோனியோ பண்டேராஸ். ரெண்டு ஆம்பளைங்க வருஷக்கணக்கா ஒரே வீட்டுல குடும்பம் நடத்துறாங்க, படத்துல அவங்களுக்குள்ள ஒரு ஒழுங்கான முத்தம் கூடக் கெடையாது, கட்டிப் புடிச்சு ஆடுற ஒரு சீன், கைய முத்தம் குடுக்குற மாதிரி ஏதோ, அவ்வளவுதான். அப்பவே அமெரிக்காவுல ஓரினக் காதலர்கள் இதக் கேட்டுச் சண்ட போட்டாங்க. பொதுஜனம் அவங்களப் பார்த்துப் பரிதாபப்படணும், ஆனா முகஞ்சுளிக்கக் கூடாது, அதுக்குத்தான் அந்தப் பத்தியம்.

ஆனா ஒண்ணு, அந்தப் படத்துல ஹீரோ செத்தது நியாயம். 1993-ல எய்ட்ஸ் வந்தா சாவுதான், பொய் சொல்ல முடியாது. மாறினது 1996-ல. மூணு மருந்த ஒண்ணா சேர்த்துக் குடுத்தா கிருமி அடங்கிப் போகுதுன்னு அந்த வருஷம் வான்கூவர் மாநாட்டுல ஆதாரத்தோட காட்டினாங்க. இறுதிச் சடங்குக்கு ஏற்பாடு பண்ணி வச்சிருந்தவங்க எல்லாம் எழுந்து நடந்து வேலைக்குப் போக ஆரம்பிச்சாங்க. என்ன ஒண்ணு, ஒரு ஆளுக்கு வருஷத்துக்கு பத்தாயிரம் டாலருக்கு மேல ஆகும். அதாவது பணக்கார நாட்டுக்காரனுக்கு உயிரு, மத்தவனுக்கு அதே சாவு.

இந்த எடத்துல நம்ம பம்பாய் உள்ள வருது. 2001 ஃபிப்ரவரில சிப்லா கம்பெனியோட யூசுஃப் ஹமீது, வருஷத்துக்கு 350 டாலருக்கு, ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் கீழ, அந்த மூணு மருந்தயும் தர்றேன்னு டாக்டர்ஸ் வித்தவுட் பார்டர்ஸ் அமைப்புகிட்ட சொன்னாரு. பெரிய பெரிய மருந்துக் கம்பெனிங்க எல்லாம் ஆடிப் போச்சுங்க. டிலன் மோகன் கிரே எடுத்த 'ஃபயர் இன் தி பிளட்'னு ஒரு டாக்குமெண்டரி இருக்கு, இந்த முழுக் கதையையும் சொல்லும், எத்தன லட்சம் பேரு மருந்து இருந்தும் வெலை இல்லாம செத்தாங்கங்கற கதைய. மத்தவங்களுக்கு எப்படியோ, சிப்லா ஆபீஸ் அப்ப இருந்த மும்பை சென்ட்ரல் பக்கம் நான் போறப்பல்லாம் எனக்கு அந்த 350 டாலர் ஞாபகம் வரும்.

2004 ஏப்ரல் 1-ல இந்திய அரசாங்கம் இந்த மருந்த இலவசமா குடுக்க ஆரம்பிச்சுது. மொதல்ல எட்டு ஆஸ்பத்திரி, அதுல இங்க ஜேஜே, அங்க தாம்பரம் சானடோரியம். அதே வருஷம் ஆகஸ்ட்டுல நம்ம ரேவதி டைரக்ட் பண்ணின 'ஃபிர் மிலேங்கே' இந்தில வருது. ஷில்பா ஷெட்டி விளம்பரக் கம்பெனில பெரிய வேலைல இருக்குற பொண்ணு, ஸ்கூல் காலத்துப் பழைய சிநேகிதன் சல்மான் கானோட சேர்ந்ததுல எச்ஐவி, தங்கச்சிக்கு ரத்தம் குடுக்கப் போறப்ப தெரிய வரும், ஆபீஸ்ல வெளிய அனுப்புவாங்க, அபிஷேக் பச்சன் வக்கீல். 'ஃபிலடெல்ஃபியா'வோட சாயல் இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா ரேவதி ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்காங்க, பாதிக்கப்பட்டவ வேலைக்குப் போற பொண்ணு, படம் முடியறப்பவும் உயிரோட இருக்கா. சாகுறது சல்மான் கான், அந்தக் காலத்துல ஒரு ஸ்டாரு அதுக்கு ஒத்துக்கிட்டதே பெரிசு. எனக்கு அந்தப் படத்துல இருக்குற கொற ஒண்ணுதான், அவளுக்கு அதுக்கப்புறம் காதல் உண்டான்னு படம் கேக்கவே இல்ல. கேஸுல ஜெயிச்சா போதும்னு விட்டுட்டாங்க.

கோர்ட்டு கதைக்கு அமெரிக்காவுக்குப் போக வேண்டிய அவசியமே இல்ல, அதுவும் இங்கயே இருந்துச்சு. 1997-ல பம்பாய் ஹைகோர்ட்டு, எம்எக்ஸ் எதிர் இசட்ஒய்னு ஒரு கேஸு. எம்எக்ஸ்னா பேரு இல்ல, பேரச் சொல்லாம கேஸ் நடத்தலாம்னு கோர்ட்டே குடுத்த மறைப்பு. ஒரு அரசாங்க நிறுவனத்துல தினக்கூலியா இருந்தவரு, ஒடம்பு நல்லா வேலை செய்யற நெலமைலதான் இருந்தாரு, எச்ஐவின்னு தெரிஞ்சதும் பேர அடிச்சுட்டாங்க. வேலை செய்யத் தெம்பு இருக்கு, அடுத்தவனுக்கு ஆபத்து இல்லன்னா இத வச்சு வேலைய மறுக்கக் கூடாதுன்னு கோர்ட்டு சொல்லிடுச்சு. விளம்பரக் கம்பெனி இல்ல, கோட்டு சூட்டு இல்ல, தினக்கூலி. இந்தக் கேஸ படமா எடுத்தா ஹீரோ தாராவிலயோ கோவண்டிலயோ இருந்திருப்பான், ஒருவேள அதனாலதான் எடுக்கலயோ என்னமோ.

2005-ல ஓனிர் எடுத்த 'மை பிரதர் நிகில்' எனக்கு இந்த வரிசையிலயே ரொம்பப் புடிச்ச படம். கோவா, நீச்சல் சாம்பியன் நிகில், சஞ்சய் சூரி நடிச்சிருப்பாரு. எச்ஐவின்னு தெரிஞ்சதும் டீம்ல இருந்து தூக்குறாங்க, அப்பா அம்மா வீட்ட விட்டு அனுப்புறாங்க, போலீஸ் புடிச்சுட்டுப் போய் தனியா அடைக்குது. கூட நிக்கிறது ரெண்டே பேரு, அக்கா ஜூஹி சாவ்லா, காதலன் நைஜல். நைஜலா வர்ற பூரப் கோலி ஒரு எடத்துலயும் வசனம் பேசிக் காதல நிரூபிக்க மாட்டான், சாதாரண மருமகன் மாதிரி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைவான், அதுதான் படத்தோட அழகு. அதுக்கு அடில இருக்குற நெசக் கதை டொமினிக் டிசோசாவோடது. 1989-ல, ரத்ததானம் பண்ணப் போன எடத்துல எச்ஐவின்னு தெரிஞ்சு, அப்ப கோவாவுல இருந்த பொது சுகாதாரச் சட்டத்த வச்சு அவர ஒரு கைவிடப்பட்ட டிபி ஆஸ்பத்திரில 64 நாள் அடைச்சு வச்சாங்க. குற்றம் எதுவும் இல்ல, ரத்தம் மட்டும்தான். அவங்க அம்மா கோர்ட்டுக்குப் போனாங்க. 1992-ல அவரு எறந்துட்டாரு. படத்துல இது கற்பனைக் கதைன்னு கார்டு போட்டாத்தான் காட்ட முடிஞ்சுது, நெசம்னு ஒத்துக்கிட்டா ஒரு அரசாங்கம் வெக்கப்படணும்ல.

இதெல்லாம் நல்லது. கெட்டதுக்கு ஒரு உதாரணம், 2007-ல வந்த 'தஸ் கஹானியான்'ல 'ஜாஹிர்'னு ஒரு குட்டிக் கதை. மனோஜ் பாஜ்பாய், பக்கத்து வீட்டுப் பொண்ணா தியா மிர்சா. அவ பார்ல ஆடுறவன்னு தெரிஞ்சதும் அவள பலாத்காரம் பண்ணுவான், அப்புறம்தான் அவளுக்கு எய்ட்ஸ்னு தெரியும், ட்விஸ்ட்டு, படம் முடிஞ்சுது. அவனுக்குத் தண்டன குடுத்தாச்சுன்னு கைதட்டலாம். அந்தப் பொண்ணு? அவ வெறும் ஊசி, அவன குத்துறதுக்கு. அதே வருஷம் கேட்ஸ் ஃபவுண்டேஷன் காசுல 'எய்ட்ஸ் ஜாகோ'ன்னு நாலு குறும்படம் வந்துச்சு, மீரா நாயர், விஷால் பரத்வாஜ், சந்தோஷ் சிவன், ஃபர்ஹான் அக்தர் ஆளுக்கு ஒண்ணு. நம்ம சித்தார்த்தும் பிரபுதேவாவும் கூட அதுல இருக்காங்க. நோக்கம் நல்லதுதான், ஆனா அதுலயும் விஷால் பரத்வாஜ் படத்துல ரிப்போர்ட் மாறிப் போச்சுன்னு ஒரு திருப்பம் வரும், சித்தார்த்துக்கு நோயே இல்லன்னு ஆயிடும். ஹீரோவுக்கு நோய் இல்லன்னாதான் நமக்கு மூச்சு வரும் போல.

'பொஹீமியன் ராப்சடி' பார்த்தவங்க நெறைய பேரு இருப்பீங்க, 2018. குவீன் பேண்டோட பாடகர் ஃப்ரெடி மெர்குரியோட கதை, அவரு நம்ம பஞ்ச்கனி ஹாஸ்டல்ல படிச்ச பையன், பார்சிக் குடும்பம். படத்துல 1985 லைவ் எய்ட் கச்சேரிக்கு முன்னாடியே தனக்கு எய்ட்ஸ்னு மத்தவங்ககிட்ட சொல்லிட்டு மேடை ஏறுவாரு, தியேட்டரே அழுதுச்சு. ஆனா அவரோட துணை ஜிம் ஹட்டன் சொன்னபடி பார்த்தா அவருக்கு டெஸ்ட்டுல தெரிஞ்சதே 1987-ல. பாட்டுல உருக்கம் பத்தலன்னு கிருமிய ரெண்டு வருஷம் முன்னாடி இழுத்துட்டு வந்துட்டாங்க. அந்த ஜிம் ஹட்டனுக்கும் எச்ஐவி இருந்துச்சு, அந்த மனுஷன் 2010 வரைக்கும் இருந்தாரு. ஃப்ரெடிய கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டு, அவரு போனப்புறம் பதினெட்டு வருஷம் அந்தக் கிருமியோட வாழ்ந்தவரு. அவரு படத்துல கொஞ்ச நேரம்தான் வருவாரு.

காதலையும் நோயையும் ஒரே கட்டில்ல போட்டு, ரெண்டுல எதையும் கொறைக்காம எடுத்ததுன்னு கேட்டா நான் சொல்றது ராபின் கம்பியோவோட பிரெஞ்சுப் படம், '120 பீட்ஸ் பெர் மினிட்', 2017. பாரிஸ்ல மருந்துக் கம்பெனி முன்னாடி சண்ட போட்ட ஆக்ட் அப் இயக்கத்துல டைரக்டரே இருந்தவரு. ஒருத்தனுக்கு எச்ஐவி இருக்கு, இன்னொருத்தனுக்கு இல்ல, காதலிக்கிறாங்க, மீட்டிங்ல கத்துறாங்க, ஆஸ்பத்திரிப் படுக்கைலயும் ரெண்டு பேருக்கும் ஆசையும் சிரிப்பும் வருது. அந்த சிரிப்பத்தான் வேற எந்தப் படத்துலயும் நான் பார்க்கல. அதுலயும் அவன் சாகுறான், ஆனா கதை 1990-ங்கள்ல நடக்குது, ஒத்துக்கலாம்.

இப்ப கல்யாணத்துக்கு வருவோம், நம்ம ஊர்ல காதல்னா கடைசில அங்கதான வந்து நிக்கும். 1998-ல சுப்ரீம் கோர்ட்டு மிஸ்டர் எக்ஸ்னு ஒரு கேஸ்ல, எச்ஐவி இருக்குறவங்களோட கல்யாண உரிமை நிறுத்தி வைக்கப்பட்டதுன்னு சொல்லிடுச்சு. அவருக்கு நிச்சயம் ஆகியிருந்துச்சு, ஆஸ்பத்திரிலேர்ந்து விஷயம் வெளிய போய் கல்யாணம் நின்னுடுச்சு, நியாயம் கேட்டு கோர்ட்டுக்குப் போனா அங்க எல்லாரோட கல்யாணத்தயும் சேர்த்து நிறுத்திட்டாங்க. 2002-ல அதே கோர்ட்டு, அப்படிப் பொதுவா சொல்லியிருக்க வேண்டியதில்லன்னு அத எடுத்துடுச்சு. நடுவுல அந்த நாலு வருஷம் சட்டப்படி இவங்க யாரும் மாலை மாத்த முடியாத நெலம. 2017-ல போட்ட எச்ஐவி சட்டம் 2018 செப்டம்பர்லேர்ந்து நடைமுறைல இருக்கு, வேலை, படிப்பு, வாடகை வீடு எதுலயும் பாகுபாடு காட்டக் கூடாது, சம்மதம் இல்லாம ஒருத்தர் நெலமைய வெளிய சொல்லக் கூடாதுன்னு.

அதுக்கெல்லாம் காத்திருக்காம சுனிதி சாலமன் சென்னைல தன்னோட ஒய்ஆர்ஜி கேர் கிளினிக்லயே கல்யாணத் தரகர் வேலையும் பார்த்தாங்க. நெசமாத்தான். எச்ஐவி இருக்குற பையனுக்கு எச்ஐவி இருக்குற பொண்ணு, சிடி ஃபோர் எவ்வளவு, கிருமி அளவு எவ்வளவு, கூடவே மதம், படிப்பு, சம்பளம் எல்லாம் பார்த்துப் பொருத்தம். 'லவ்சிக்'னு ஒரு டாக்குமெண்டரி இதத்தான் பின்னாடியே போய்ப் படம் புடிச்சுது, ஆன் கிம்மும் பிரியா கிரி தேசாயும் எடுத்தது, 2017. டாக்டரம்மா அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே போயிட்டாங்க. கிருமி வந்தும் நம்மாளு ஜாதகத்த விடலயேன்னு சிரிப்பா இருந்தாலும், எனக்கு அதுல ஒரு நிம்மதியும் இருந்துச்சு. மாப்ள கலரு பத்தி யோசிக்கிற அளவுக்கு மனசுல எடம் இருக்குன்னா சாவு பயம் கொறஞ்சிருக்குன்னு அர்த்தம். கதைப்படமா பார்த்தா கே.பி.சசி எடுத்த 'ஏக் அலக் மௌசம்' இந்தப் பக்கம் கொஞ்சம் எட்டிப் பார்த்துச்சு, புருஷன் மூலமா தொற்று வந்த நந்திதா தாஸுக்கும் ஒரு லாரி டிரைவருக்கும் காதல், மகேஷ் தத்தானி எழுதினது. எத்தன பேரு பார்த்தாங்கன்னு கேக்காதீங்க.

இதுக்கு மேல அறிவியல் எங்கயோ போயிடுச்சு, சினிமாதான் அந்த ஸ்டேஷன்லயே நிக்குது. மருந்த ஒழுங்கா சாப்ட்டு ரத்தத்துல கிருமி டெஸ்ட்டுல தென்படாத அளவுக்கு எறங்கிடுச்சுன்னா, அவங்ககிட்ட இருந்து உடலுறவு மூலமா அடுத்தவருக்குப் பரவாது. கொஞ்சமாப் பரவும்னு இல்ல, பரவாது. 2011-ல எச்பிடிஎன் 052-ன்னு ஒரு பெரிய ஆய்வு, ஒம்பது நாட்டுல 1,763 ஜோடிங்க, ஒருத்தருக்கு இருக்கும் இன்னொருத்தருக்கு இருக்காது, மருந்த சீக்கிரம் ஆரம்பிச்சா பரவறது 96 சதவீதம் கொறையுதுன்னு காட்டுச்சு. அந்த ஜோடிங்கள்ல சென்னைக்காரங்களும் புனேக்காரங்களும் இருந்தாங்க. அப்புறம் ஐரோப்பாவுல பார்ட்னர்னு பேரு வச்சு நடத்தின ஆய்வுங்கள்ல கிருமி அடங்கின துணைகிட்ட இருந்து ஒரு தொற்று கூட வரல. இத வச்சுத்தான் உலகம் பூரா யு ஈக்வல்ஸ் யுன்னு, அதாவது கிருமி தென்படலன்னா பரவாதுன்னு சொல்றாங்க. அம்மாவுக்கு இருந்தாலும் மருந்தோட பெத்துக்கிட்டா பெரும்பாலான கொழந்தைங்க கிருமி இல்லாமத்தான் பொறக்குது. இந்தியாவுல சுமார் 25 லட்சம் பேரு எச்ஐவியோட வாழ்றாங்க, அதுல காதலிக்கிறவன், கல்யாணம் பண்ணினவ, புள்ள பெத்தவ எத்தன பேரு இருப்பாங்க. நான் பார்த்த ஒரு தமிழ்ப் படத்துலயும் இந்த விஷயத்த யாரும் ஒரு வரி வசனமாக் கூட சொல்லல.

சரி, என் கூட்டாளிக்கு ஒண்ணுமே ஆகலன்னான்ல, அது எப்படி இருக்கும்னு சொல்றேன். ராத்திரி ஒரு மாத்திர, மூணு மருந்தும் அந்த ஒண்ணுலயே இருக்கு. இந்த மருந்து குடுக்குற ஏஆர்டி சென்டர் அவன் வீட்டுக்குப் பக்கத்துலயே ஒண்ணு இருக்கு, அங்க போக மாட்டான், தெரிஞ்ச மூஞ்சி இருக்கும்னு ஹார்பர் லைன் புடிச்சு வேற எடத்துக்குப் போவான். டப்பாவ வாங்கினதும் ஸ்டேஷன் வரதுக்குள்ள லேபிள நகத்தால சொரண்டிடுவான், ரயில்ல பைக்குள்ள மாத்திர குலுங்கிச் சத்தம் போடும்ல, அதுக்காக உள்ள பஞ்சு அடைச்சுடுவான். நாசிக்ல வேலைன்னு போனாலும் கணக்குப் பண்ணி எண்ணி எடுத்துட்டுப் போவான். ஒரு தடவ பல்லு புடுங்கப் போன எடத்துல உண்மையச் சொன்னதுக்கு, மெஷின் ரிப்பேர்னு சொல்லி அனுப்பி விட்டாங்க, அவனுக்கு அடுத்து இருந்தவருக்கு அதே மெஷின் ஓடுச்சு. அதத்தான் அவன் ரொம்ப நாள் சொல்லிச் சொல்லித் திட்டுவான், கிருமியக் கூட அவ்வளவு திட்டினதில்ல.

போன்ல ஒம்பது மணிக்கு அலாரம் வச்சிருக்கான், அது மேல 'பால்'னு எழுதியிருப்பான். திருநெல்வேலிலேர்ந்து அவங்க அம்மா வந்து மூணு வாரம் இருந்தாங்க, அவங்களுக்கு இன்னிக்கு வரைக்கும் விஷயம் தெரியாது. மாத்திர டப்பா அரிசி டிரம்முக்குப் பின்னாடி. தெனம் ராத்திரி அலாரம் அடிக்கும், இவன் எழுந்து அடுப்படிக்குப் போவான். நாலாவது நாள் அம்மா கேட்டாங்களாம், "ராத்திரி ஒம்பது மணிக்கு எந்தப் பால்காரம்ல வாரான் ஒங்க ஊர்ல?" "பாம்பேம்மா, இங்க எப்ப வேணா வருவான்"னானாம். பொண்டாட்டி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு சிரிப்ப அடக்கியிருக்கா.

அவளுக்கு கிருமி கெடையாது. மூணு வயசுல பொண்ணு இருக்கு, அதுக்கும் கெடையாது. கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிட்டான், சொன்னதும் அவ ரெண்டு மாசம் பேசல, ஃபோன எடுக்கல, இவன் முடிஞ்சுதுன்னு நெனச்சுட்டான். அப்புறம் அவளே ஒரு நாள் மெசேஜ் போட்டு, அந்த சென்டருக்கு என்னயும் கூட்டிட்டுப் போன்னிருக்கா. கவுன்சிலர் மராத்திக்காரர், அவளுக்கு அப்ப மராத்தி சுத்தமா தெரியாது, ஊர்லேர்ந்து வந்து ஒரு வருஷம் தான் ஆகியிருந்துச்சு. அவரு சொல்றத இவன்தான் தமிழ்ல சொல்லணும். தன் ரத்தத்தப் பத்தித் தானே மொழிபெயர்த்துச் சொல்ற கொடும வேற யாருக்கும் வராதுடான்னான். அவரு நீளமா என்னமோ சொல்ல, இவன் அவகிட்ட, "மருந்து ஒழுங்கா சாப்ட்டா என்னால உனக்கு ஒண்ணும் வராதாம், நாம கொழந்த கூட பெத்துக்கலாமாம்"னு சொல்லியிருக்கான். அவ இவன் மூஞ்சியவே பார்த்துட்டு, "அவரு அதத்தான் சொன்னாரா, இல்ல நீயா சேத்துக்கிட்டியா?"ன்னு கேட்டாளாம். அப்புறம் நாற்காலிய முன்னாடி இழுத்துப் போட்டுக்கிட்டு, தனக்குத் தெரிஞ்ச அரைகொறை இந்தில, அவளே நேரா அவர்கிட்ட மொதல்லேர்ந்து கேக்க ஆரம்பிச்சிருக்கா. இவன் வெளிய போய் ஒரு சாய் குடிச்சுட்டு வந்து பார்த்தானாம், அப்பவும் அவ கேட்டு முடிக்கல.